லைலாவின் பெயரைச் சொன்னவன்

கடந்த ஆண்டு ஆவணியில் பாரிசிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் மச்சான், புத்தூரில் எங்கள் வீட்டு விறாந்தையில் மடிக்கணினியைத் திறந்துவைத்து ஒரு பழைய பிரெஞ்சுப் படத்தைக் காட்டினார். இருபது வருடங்களுக்கு மேலாக அங்கே உணவகச் சமையலறையில் வேலை செய்து அந்த மொழியைக் காதாலேயே கற்றுக்கொண்டவர் அவர். படம் ஓட ஓட வசனங்களைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். 1947 இல் குளோட் ஓத்தான்-லாரா இயக்கிய கறுப்பு வெள்ளைப் படம். ரேமொன் ராடிகே என்ற இளைஞர் எழுதி 1923 இல் வெளிவந்த நாவலே அதன் மூலம். அந்த நாவலாசிரியர் அதே ஆண்டு டிசம்பரில், தனது இருபதாவது வயதில் இறந்துபோனார்.

கதை முதலாம் உலகப் போர்க் காலத்தில் நடக்கிறது. பிரான்சுவா ஒரு பாடசாலை மாணவன். மார்த் அவனைவிடச் சற்று மூத்தவள். போர்முனையில் நிற்கும் ஒரு சிப்பாய்க்கு நிச்சயிக்கப்பட்டுப் பின்னர் அவனையே மணந்தவள். மாணவனுக்கு அவள்மீது பித்து. ஊர் என்ன சொல்லும், வீடு என்ன சொல்லும், அவள் கதி என்னவாகும் என்று எதையும் எண்ணாத பித்து. படத்தின் தொடக்கமே அவளுடைய மரண ஊர்வலந்தான். 1918 நவம்பர் 11, போர் ஓய்ந்தது என்று ஊரே கொண்டாடுகிறது. பிள்ளைப்பேற்றில் இறந்தவளைக் கொண்டுபோகிறார்கள். அவன் ஒதுங்கி நின்று பார்க்கிறான். மாணவனாக ஜெரார் பிலிப்பும் மார்த்தாக மிஷலின் பிரெலும் நடித்திருந்தனர். நாட்டுக்காகப் போராடியவனின் மனைவியைப் பற்றி இப்படியும் ஒரு படமா என்று அந்தக் காலத்தில் பெரிய கண்டனம் எழுந்ததாம்.

படம் முடிந்ததும் மச்சான் சொன்ன முதல் வார்த்தை இதுதான்: "பெடியன் பாவம், என்ன?"

நானும் தலையாட்டினேன். படுக்கப் போன பிறகுதான் உறைத்தது. செத்தது அவள், பாவம் பார்த்தது அவனை. இதே வார்த்தையைச் சில வருடங்களுக்கு முன்னர் ஓர் ஆசிரியர் அறையில் நானும் சொல்லியிருக்கிறேன். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

மறுநாள் காலை படத்தின் பெயருக்குத் தமிழில் என்ன பொருள் என்று மச்சானிடம் கேட்டேன். "உடம்புக்குள்ள சைத்தான் எண்டு சொல்லலாம்" என்றார். எனக்கு அது புதிய பெயராகப் படவில்லை. அதே பொருளுள்ள ஒரு பெயரைப் பத்து வயதில் இதே விறாந்தையில் கேட்டிருக்கிறேன்.

என் அம்மப்பா படப் பாட்டுப் பைத்தியம். இளமையில் பட்டணத்துக்குச் சைக்கிள் மிதித்துப்போய்ப் படம் பார்த்தவர். அவருக்கு எல்லாவற்றுக்கும் மேலே லைலா மஜ்னுதான். இந்தக் கதை தென்னிந்தியாவில் அடுத்தடுத்து இரண்டு முறை படமானது. 1949 இல் பரணி பிக்சர்ஸ் தெலுங்கில் எடுத்த படத்தில் நாகேஸ்வரராவ் மஜ்னுவாகவும் பானுமதி லைலாவாகவும் நடித்தனர். பானுமதியின் கணவர் ராமகிருஷ்ணராவ் இயக்கம், சி. ஆர். சுப்பராமன் இசை. அது தமிழிலும் பேசவைக்கப்பட்டு வந்தது. 1950 இல் ரி. ஆர். மகாலிங்கமும் எம். வி. ராஜம்மாவும் நடித்த இன்னொரு லைலா மஜ்னுவை எப். நாகூர் இயக்கினார். அம்மப்பா இரண்டையும் கலந்து பாடுவார். எது எந்தப் படத்துப் பாட்டென்று அவருக்கே தெரியாது.

எண்பதுகளின் கடைசியில் யாழ்ப்பாணப் பட்டணத்திலிருந்து ஒரு காக்கா சைக்கிளில் நிலாவரைப் பக்கமாக எங்கள் ஊருக்கு வருவார். பழைய போத்தல், இரும்பு, பித்தளை வாங்குவார். வெயில் ஏறினால் எங்கள் விறாந்தையில் அமர்ந்து தேத்தண்ணீர் குடிப்பார். ஒருநாள் அம்மப்பா மஜ்னு பாட்டை இழுத்துக்கொண்டிருந்தபோது அவர் சிரித்தபடி சொன்னார்: "ஐயா, மஜ்னூன் எண்டது அவன்ட பேரில்ல. அவன்ட பேர் கைஸ். மஜ்னூன் எண்டது ஊர் வச்ச பட்டம். ஜின் புடிச்சவன் எண்டு அர்த்தம்."

1990 அக்டோபர் 30 இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அதன் பின் அந்தச் சைக்கிள் எங்கள் ஒழுங்கைக்கு வரவில்லை. அவர் சொல்லிவிட்டுப்போன அந்த ஒரு சொல்லின் பொருள் மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. இந்தக் கட்டுரையே அதன் கடனைத் தீர்க்கும் முயற்சி எனலாம்.

கைஸ் என்பவன் யார்? ஏழாம் நூற்றாண்டில், உமையாக்களின் ஆட்சித் தொடக்கத்தில், அரேபியாவின் நஜ்துப் பகுதியில் பனூ ஆமிர் குலத்தில் வாழ்ந்த கவிஞன் என்பது மரபு. கைஸ் இப்னுல் முலவ்வஹ் என்பது முழுப் பெயர். 889 இல் மறைந்த இப்னு குதைபா அவனைப்பற்றி எழுதியிருக்கிறார். 967 இல் மறைந்த அபுல் பரஜ் அல் இஸ்பஹானி தமது 'கிதாபுல் அகானி'யில் அவனைப்பற்றிய அறிவிப்புகளையும் அவன் பெயரில் வழங்கிய கவிதைகளையும் விரிவாகத் தொகுத்தார். அப்படி ஒருவன் இருக்கவேயில்லை என்று சொன்னவர்களின் கூற்றையும் அவர் மறைக்காமல் சேர்த்திருக்கிறார் என்பது குறிப்பிடத்தக்கது. அவற்றுள் ஒன்று சுவையானது. உமையா வம்சத்து இளைஞன் ஒருவன் தன் உறவுப் பெண்ணை நேசித்தான். அது வெளியே தெரிவதை விரும்பாமல் 'மஜ்னூன்' என்ற ஒருவனைப் படைத்துத் தன் கவிதைகளை அவன் தலையில் ஏற்றிவிட்டான் என்பதே அது.

இருந்தானோ இல்லையோ, பழைய அறபுக் கதையில் அவனுக்குப் பெண் மறுக்கப்பட்ட காரணத்தைக் கவனிக்கவேண்டும். அவன் ஏழையல்லன், வேற்றுக் குலத்தவனுமல்லன். சிறுவயதில் தவ்பாத் மலையடிவாரத்தில் இருவரும் சேர்ந்து ஆடு மேய்த்தவர்கள். அவன் செய்த குற்றம் ஒன்றுதான். அவளுடைய பெயரைச் சொல்லிப் பாடினான், பாட்டுப் பரவியது. ஒரு பெண்ணைப் பெயர் சுட்டிப் பாடுவதைத் தஷ்பீப் என்பார்கள். அப்படிப் பாடியவனுக்கே அவளைக் கொடுத்தால், ஊர் பேசியதெல்லாம் உண்மை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பது அந்தக் குலங்களின் வழக்கம். ஆகவே அவன் எவ்வளவு பாடினானோ அவ்வளவு தூரம் அவளை இழந்தான். அவளை அடைவதற்காகப் பாடிய பாட்டே அவளைப் பூட்டிவைத்த பூட்டு.

பிற்காலத்தார் மஜ்னூனைக் காதலின் தியாகியாகவும் இறைக்காதலின் குறியீடாகவும் வளர்த்தெடுத்தனர். அந்த வளர்ச்சியில் இந்தச் சிறு குற்றம் கண்ணிலிருந்து மறைந்துபோனது.

அந்த வளர்ச்சியின் பெரிய படி நிஸாமி கஞ்சவி 1188 இல் பாரசீகத்தில் எழுதிய காவியம். ஷிர்வான் மன்னர் அக்சித்தான் கேட்டுக்கொண்டதால் எழுதியது. வறண்ட பாலைவனக் கதையில் பாட என்ன இருக்கிறது என்று கவிஞர் முதலில் தயங்கினாராம். பதினான்கு வயது மகன் முஹம்மத் வற்புறுத்தியதால் தொடங்கி நான்கு மாதங்களுக்குள் முடித்ததாக அவரே காவிய முகப்பில் சொல்கிறார். மகன் கேட்டு எழுதியதாலோ என்னவோ, நிஸாமி கதையில் ஒரு மாற்றம் செய்தார். ஆடு மேய்த்த இருவரையும் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் இருத்தினார். நிஸாமியின் கைஸும் லைலாவும் ஒரே மக்தபில் படித்தவர்கள்.

பாரசீக ஓவியர்களுக்கு மிகவும் பிடித்துப்போன காட்சி அது. 1524-25 இல் ஹெராத் நகரத்து ஏடொன்றுக்கு ஷேக் ஸாதா தீட்டிய ஓவியம் இப்போது நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் படத்தைக் கைத்தொலைபேசியில் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆசிரியர் இருக்கிறார், பிள்ளைகள் புத்தகமும் கையுமாக இருக்கிறார்கள். எனக்குக் காதலர்களைவிட அந்த வாத்தியார்மேல்தான் கண் போனது. இருபது வருடத்துக்கு மேல் வகுப்பறையில் நின்றவன் வேறு யாரைப் பார்ப்பான்? தன் முன்னே இருக்கும் இரண்டு பிள்ளைகளின் வாழ்வு திசைமாறுவதை அவர் கண்டாரா? கண்டும் ஒன்றும் செய்யவில்லையா? காவியம் அவரைப்பற்றி அதற்குமேல் பேசுவதில்லை.

பள்ளியில் கதை கசிந்ததும் நடந்தது நமக்குப் பழக்கமானதே. லைலாவின் படிப்பு நின்றது. கைஸ் தெருவுக்கு வந்தான். அவள் பெயரைக் கூவிக்கொண்டு அலைந்தான். பிள்ளைகள் பின்னால் ஓடினார்கள். மஜ்னூன் என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. தகப்பன் அவனைக் கஃபாவுக்கு அழைத்துச் சென்று இந்த நோய் தீரத் துஆக் கேட்கச் சொன்னார். அவனோ காதல் இன்னும் பெருகவேண்டும் என்று கேட்டான். நவ்பல் என்ற தலைவன் அவனுக்காக லைலாவின் குலத்தோடு போர் செய்து வென்றான். தோற்றுப்போன லைலாவின் தந்தை வந்து, இந்தப் பைத்தியத்துக்குக் கொடுப்பதைவிட மகளை என் கையாலேயே வெட்டுவேன் என்று சொன்னபோது நவ்பலே பின்வாங்கினான்.

இந்த இடத்தை மூன்று முறை வாசித்தேன். ஒருபுறம் அவள் பெயரைத் தெருவில் ஏலம்விடுகிற காதலன். மறுபுறம் அந்தப் பெயருக்காக அவளையே வெட்டத் துணிகிற தகப்பன். இருவருமே அவளைத் தமக்குரியவள் என்கிறார்கள். இருவருமே அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நிஸாமியின் பெருமை, அவர் லைலாவுக்கும் வாய் கொடுத்தது. மஜ்னூன் தன் துயரைப் பாலைவனத்தில் கதறலாம். தானோ உள்ளேயே எரியவேண்டியவள் என்று அவள் உணர்கிறாள். சிறு தாள்களில் கவிதை எழுதிக் காற்றில் விடுகிறாள். விருப்பமின்றி இப்னு ஸலாமுக்கு மணம் முடித்துக் கொடுத்த பின் அவனை நெருங்கவிடாமல் வாழ்கிறாள். அவன் இறந்தபோது, கணவனுக்கு அழுவதுபோல் வாய்விட்டு அழ அவளுக்கு ஒரு சாட்டுக் கிடைக்கிறது. இறக்கும்போது தாயிடம் மட்டும் உண்மையைச் சொல்கிறாள். மஜ்னூன் அவள் கப்றின்மேல் விழுந்து உயிர்விடுகிறான். உலகம் நினைவில் வைத்திருப்பது அந்தக் கடைசிக் காட்சியையே.

பின்னர் அமீர் குஸ்ரோ 1299 அளவிலும், ஜாமி 1484 இலும், துருக்கிய மொழியில் புஸூலி பதினாறாம் நூற்றாண்டிலும் இக்கதையைப் பாடினர். 1908 இல் பாக்கூ நகரில் உசேயிர் ஹாஜிபெயோவ் இதனை இசைநாடகமாக்கியபோது, பெண்கள் மேடையேற முடியாத காலமாதலால் லைலாவாகப் பாடியது ஓர் ஆண். எகிப்தியக் கவிஞர் அஹ்மத் ஷவ்கி 1931 இல் எழுதிய நாடகத்தில் ஒரு திருப்பம் உண்டு. அங்கே முடிவு லைலாவிடமே விடப்படுகிறது. அவள் கைஸை மறுத்து வர்த் என்பவனை ஏற்கிறாள். தன் பெயரைப் பாட்டில் இழுத்தவனை ஏற்றால் குடும்பத்தின் மானம் போகும் என்பதால். விரும்பியவனையே தள்ளிவிடும்படி ஒரு பெண்ணை அந்தப் பாட்டுகள் நெருக்கிவிட்டன. பிரான்சிலும் இந்தப் பெயர் ஒலித்தது. 1963 இல் கவிஞர் லூயி அரகோன் தம் மனைவி எல்சாவை முன்னிறுத்தி எழுதிய நெடுங்காவியத்தின் நாயகன், கிரனாடாவின் வீழ்ச்சிக் காலத்தில் வாழும் ஒரு மஜ்னூனே.

இது அறபுப் பாலைவனத்துக்கு மட்டும் உரிய சங்கதி என்று நினைத்தால் தவறு. பனைமரத்தடியில் வாழும் நமக்கும் ஒரு மஜ்னூன் உண்டு. அவன் மடலேறியவன்.

சங்கப் பாடல்களில் காதல் கைகூடாத இளைஞன் பனங்கருக்கு மட்டையால் குதிரை செய்து அதன்மேல் ஏறி, எருக்கம்பூ மாலை சூடித் தெருவில் வருவேன் என்கிறான். குறுந்தொகையிலும் நற்றிணையிலும் கலித்தொகையிலும் இதனைக் காணலாம். மடலைப் பாடியே 'மடல் பாடிய மாதங்கீரனார்' என்று பெயர்பெற்ற புலவரும் இருந்தார். மடலேறுபவன் கையில் ஒரு துணி இருக்கும். அதில் அந்தப் பெண்ணின் உருவமும் பெயரும் எழுதப்பட்டிருக்கும் என்பது உரை மரபு. பார்த்த ஊரார் அவள் வீட்டாரை நெருக்கவேண்டும். வீட்டார் பழிக்கு அஞ்சிப் பெண்ணைக் கொடுக்கவேண்டும். கருக்கு மட்டையில் கை வைத்தால் என்னவாகும் என்று யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தேவையில்லை. அவன் தன் உடலைக் கிழித்துக்கொள்கிறான். ஆனால் விலை கொடுப்பவள் துணியில் இருப்பவள்.

நம் இலக்கணகாரர் இதை அறியாதவரல்லர். அன்பின் ஐந்திணையில் எவருடைய பெயரையும் சுட்டக்கூடாது என்பது தொல்காப்பியத்தின் விதி. தலைவன், தலைவி, தோழி என்பதற்குமேல் பெயர் கிடையாது. ஏறிய மடலைத் தொல்காப்பியர் அன்பின் திணையில் சேர்க்காமல் பொருந்தாக் காமமாகிய பெருந்திணையில் வைத்தார். சொல்லி மிரட்டலாம், ஏறிவிட்டால் அது அன்பு அன்று. அகப்பாடல்களில் மடலேறுவேன் என்பவர்கள்தாம் பெரும்பாலும் உண்டு, ஏறியவர்கள் அரிது. பெயர் சொல்லிப் பாடியவனுக்குப் பெண்ணில்லை என்ற அறபு வழக்கமும், பெயர் சொன்னால் அகமில்லை என்ற தமிழ் விதியும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. ஒரு வேறுபாடும் உண்டு. தமிழ் விதி பாடுகிறவன் வாயைக் கட்டியது; அறபு வழக்கம் பாடப்பட்டவள் காலைக் கட்டியது.

அம்பிகாபதி கதையும் இதே வகையைச் சேர்ந்ததே. கம்பர் மகனாகச் சொல்லப்படும் அவன், சிற்றின்ப வாடையில்லாமல் நூறு பாடல் பாடினால் சோழன் மகள் அமராவதி கிடைப்பாள் என்ற சோதனையில், காப்புச் செய்யுளையும் சேர்த்து எண்ணிவிட்டு, நூறு முடிந்ததென்று அவளைக் கண்டு பாடித் தலையிழந்தான் என்பது கர்ணபரம்பரை. வாயை ஒரு பாட்டளவு அடக்கியிருந்தால் இருவரும் பிழைத்திருப்பார்கள். 1937 இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கத்தில் தியாகராஜ பாகவதரும், 1957 இல் சிவாஜி கணேசனும் அம்பிகாபதியாக நடித்தனர். 1957 இல் அமராவதியாக வந்தவர் எட்டு வருடங்களுக்கு முன் லைலாவாக வந்த அதே பானுமதி. இரண்டிலும் நம் நெஞ்சில் தங்கியவன் பாடியவனே.

இனி, நான் சொல்வதாகச் சொன்ன கதை.

சில வருடங்களுக்கு முன் நான் கற்பித்த ஒரு பாடசாலையில், உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் தரம் பத்தில் படித்த பிள்ளையின் படத்தைத் தன் முகநூலில் போட்டான். பெயரும் போட்டு, கீழே கவிதையும் எழுதினான். பாடசாலைக்குப் போகும் வழியில் மதகுச் சுவரிலும் அவள் பெயர் தோன்றியது. அந்தப் பிள்ளை அவனோடு பேசியதே இல்லை என்று அவளுடைய சிநேகிதிகள் சொன்னார்கள். பெடியன் சாப்பிடாமல் கிடந்தான்; கையைக் கீறிக்கொண்டான். ஆசிரியர் அறையில் ஒரு வாரம் அவனைப்பற்றியே பேச்சு. அவனைக் கூப்பிட்டுக் கதைத்தோம், ஆலோசனைக்கு அனுப்பினோம், பரீட்சை எழுதவைத்தோம். அதில் எனக்கு வருத்தமில்லை. உயிரோடு விளையாடும் வயது, பார்க்கத்தான் வேண்டும். "பெடியன் பாவம்" என்று அப்போது சொன்னவன் நான்தான்.

இரண்டாவது வாரம் பிள்ளையின் தகப்பன் வந்து விடுகைப் பத்திரம் கேட்டார். அதிபர் எழுதச் சொன்னார், நான் எழுதினேன். விலகுவதற்கான காரணம் என்ற இடத்தில் 'பெற்றோரின் விருப்பம்' என்று எழுதிக் கொடுத்தேன். தகப்பன் தலை நிமிராமல் வாங்கிக்கொண்டு போனார். பிள்ளையை வன்னியில் ஓர் உறவுக்காரர் வீட்டில் விட்டதாகக் கேள்விப்பட்டோம். அங்கே அவள் பாடசாலைக்குப் போகவில்லை. எங்களில் ஒருவர்கூட அவள் வீட்டுப் படலையைத் திறக்கவில்லை. கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளை. பெடியன் இப்போது வெளிநாட்டில் இருக்கிறான். அந்தக் காலத்தைச் சொல்லிச் சிரிக்கிறானாம்.

ஆசிரியர் கலாசாலையில் பிள்ளையின் உளவியலைப்பற்றி இரண்டு வருடம் படித்தவன் நான். மடலேறுதலை எத்தனையோ முறை வகுப்பில் சிரிக்கச் சிரிக்கப் படிப்பித்திருக்கிறேன். துணியில் எழுதிய படமும் முகநூலில் போட்ட படமும் ஒன்றுதான் என்று அந்த விடுகைப் பத்திரத்தை எழுதிய அன்று எனக்குத் தோன்றவில்லை. ஓவியத்தில் இருக்கும் அந்த மக்தப் வாத்தியாரைக் குறை சொல்ல எனக்கு அருகதை கிடையாது.

மச்சான் பாரிசுக்குத் திரும்பிய பின், உயர்தர மாணவருக்கு மடல் பாடல் ஒன்றைப் படிப்பிக்கும் முறை வந்தது. இந்தத் தடவை ஒரு வேலை கொடுத்தேன். குதிரை தன் ஒழுங்கைக்குள் வரும்போது துணியில் இருப்பவள் என்ன செய்துகொண்டிருப்பாள், எழுதுங்கள் என்றேன். பெடியன்களில் பலர் அவள் யன்னலால் பார்க்கிறாள் என்று எழுதினார்கள். பெண் பிள்ளைகளில் அநேகர் அவள் அறைக்குள் இருக்கிறாள், கதவை வெளியே பூட்டிவிட்டார்கள் என்று எழுதியிருந்தார்கள்.

கொப்பிகளைத் திருப்பிக் கொடுத்தபோது பின்வாங்கிலிருந்து ஒருவன் எழும்பினான். "அப்ப விருப்பமெண்டால் சொல்லவே கூடாதா சேர்?"

"சொல்லு. அவளிட்டச் சொல்லு, ஊருக்குச் சொல்லாத. வேண்டாமெண்டால் திரும்பி வா."

வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை, யோசித்துக்கொண்டு அமர்ந்தான். எனக்கும் அதற்குமேல் ஒரு தத்துவம் தெரியாது. இனி ஒரு தகப்பன் விடுகைப் பத்திரம் கேட்டு வந்தால், பேனையை எடுப்பதற்கு முன் அந்த வீட்டுக்கு ஒருமுறை போய் அந்தப் பிள்ளையோடு கதைப்பேன். அதுமட்டும் தெரியும்.